சேரிப் பள்ளியின் பதிவேடு: யார் படித்தார்கள், தேர்ச்சி எப்படி வந்தது



எம்.சி. ராஜாவின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அரங்கில் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பேச நான் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1883-இல் பரங்கிமலையில் பிறந்த ராஜா, சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் பள்ளி ஆசிரியர். சிறுபிள்ளைகளுக்குப் பாடநூல் எழுதியவர். 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, நம் மக்களின் குரலாக அங்கே பேசியவர். ராஜா-மூஞ்சே ஒப்பந்தத்தில் அவர் எடுத்த நிலையை நம்மில் பலர் ஏற்பதில்லை. அந்த விவாதத்துக்கு வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். வகுப்பறையிலிருந்து அரசியலுக்கு வந்த ஒருவரை நினைக்கும் நாளில் அந்த வகுப்பறையைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இரண்டு எண்களோடுதான் எழுகிறது. ஒன்று சேர்க்கை, மற்றொன்று தேர்ச்சி. "பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், தரம் இல்லை, எதற்கு இந்தப் பள்ளிகள்?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் 1,100-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் 800-க்கும் மேற்பட்டவை தொடக்கப் பள்ளிகள். நம் வீடுகளில் முதன்முதலாக எழுத்தறிந்தவர்களில் பலர் இந்தப் பள்ளிகளின் தரையில் உட்கார்ந்து எழுதியவர்கள். அதனால் இந்தக் கேள்வியை யாரோ அதிகாரி கேட்ட கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வரலாறு தெரியாமல் அதற்குப் பதில் சொன்னால் தவறான பதிலைச் சொல்லிவிடுவோம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பள்ளியின் மதிப்பெண் பட்டியலை அதன் சேர்க்கைப் பதிவேட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள், உள்ளே வந்தவர்களுக்கு அரசு என்ன கொடுத்தது என்று கேட்காமல் தேர்ச்சியை மட்டும் பார்ப்பவர்கள், பள்ளியை அளக்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகளின் சாதியையும் வறுமையையும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

1. மூடிய கதவு

1856-இல் பம்பாய் மாகாணத்தின் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர மனுச் செய்தான். மறுத்துவிட்டார்கள். அவன் ஒருவனைச் சேர்த்தால் மற்ற சாதிப் பிள்ளைகள் எல்லாம் நின்றுவிடுவார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். விஷயம் லண்டன் வரை போனது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சாதியைக் காரணம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று கம்பெனி நிர்வாகம் கொள்கை வகுத்தது. கொள்கை காகிதத்தில் இருந்தது. கதவு மூடியே இருந்தது.

1882-இல் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு வந்தது. ஜோதிராவ் புலே தம் மனுவை அளித்தது இந்தக் குழுவிடம்தான். அந்தக் குழு ஒரே மூச்சில் இரண்டு பரிந்துரைகளைச் செய்தது: யாரையும் தடுக்கக் கூடாது என்ற கொள்கையை மறுபடி உறுதி செய், ஆனால் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளிகளைத் தாராளமாக ஊக்குவி. முதலாவதை நடைமுறைப்படுத்தினால் ஊர்த் தெருவோடு மோத வேண்டும். இரண்டாவதற்குக் கொஞ்சம் மானியம் போதும். அரசு எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தனிப்பள்ளியின் பிறப்பு இதுதான். பொதுப்பள்ளியின் கதவைத் திறக்கத் துணியாத அரசு சேரியில் கட்டிய மாற்றுக் கதவு அது.

பொதுப்பள்ளி என்று பெயர் இருந்தாலும் அதற்குள் யார் இருந்தார்கள் என்பதற்கு ரெட்டமலை சீனிவாசனே சாட்சி. கோயம்புத்தூரில் அவர் படித்த கல்விநிலையத்தில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள் என்று 1939-இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில்' குறிப்பிடுகிறார். தம் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி யாரோடும் பழகாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்ததையும் சொல்கிறார். ஒரு பள்ளியின் மக்கள்தொகையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகக் கூர்மையான ஆவணங்களில் இதுவும் ஒன்று. பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அவர் அந்தப் பள்ளியில் 'சேர்க்கப்பட்டிருந்தார்' என்று சொல்ல முடியுமா?

ஒருவருடைய அனுபவம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். 1919-இல் சென்னை மாகாண அரசே ஒரு கணக்கைப் பதிவு செய்தது. பொது நிர்வாகத்தின் கீழ் இருந்த 8,157 பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை வெறும் 609. நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு. தார்வார் மனுவுக்கு 63 ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு இது. பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் வளாகத்திலும் ஊர்த் தெருவிலும் நடந்தன. ஆசிரியர் மனம் வைத்தாலும் அந்தத் தெருவில் நம் பிள்ளை கால் வைக்க முடியாது. பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று ரெட்டமலை சீனிவாசன் 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததைக் கல்வி வரலாற்றிலும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெரு திறக்காமல் பள்ளி திறக்காது.

2. தேர்ச்சிக்குக் காசு

பள்ளியின் தரத்தைத் தேர்ச்சியால் அளப்பது ஏதோ இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். 1860-களிலேயே இங்கிலாந்தில் ஒரு முறை வந்து, சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் வருவார். பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் வைப்பார். தேறிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். தேறாத பிள்ளைக்குக் காசில்லை. அந்த நாளில் வராத பிள்ளைக்கும் காசில்லை.

இந்த ஏற்பாடு அக்கிரகாரத்துப் பிள்ளையையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையையும் ஒரே கோலால் அளந்தது. முதல் பிள்ளை எழுத்து புழங்கும் வீட்டிலிருந்து வந்தான். இரண்டாமவன் மாடு மேய்த்துவிட்டு வந்தான். ஆய்வாளர் வரும் நாள் அறுப்பு நாளாக இருந்தால் அவன் வயலில் இருப்பான். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, ஈக்காட்டில் வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் நிலத்துக்காகவும் பள்ளிக்காகவும் ஒருசேரப் போராடியது தற்செயல் இல்லை. நிலமில்லாதவன் பிள்ளையின் வருகைப் பதிவேடு மிராசுதாரின் கையில் இருந்தது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய குறிப்பிலிருந்து 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஆண்டு, 1893-இல், பஞ்சமர் கல்விக்கான ஆணை வந்ததை நாம் அந்த அளவு பேசுவதில்லை. கூடுதல் விகிதத்தில் மானியம், பள்ளிக்குப் புறம்போக்கில் இடம், நம்மவர்களுக்கே ஆசிரியர் பயிற்சி என்று அதில் இருந்தவை முக்கியமானவை. சமமற்ற இடத்திலிருந்து ஓடுபவர்களை ஒரே கோலால் அளக்க முடியாது என்று ஒரு காலனிய அரசே ஒப்புக்கொண்டது அந்த ஆணையில். அதே 1893-இல்தான் ரெட்டமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். நிலம், பள்ளி, பத்திரிகை மூன்றும் அடுத்தடுத்த ஆண்டுகளில் எழுந்த கோரிக்கைகள். இன்று தனித்தனித் துறைகளாகப் பிரித்துப் படிப்பதால் அவற்றின் உறவு நமக்குத் தெரியாமல் போகிறது.

3. ஊரூர் பள்ளி காட்டியது

1894-இல் கர்னல் ஆல்காட், அடையாற்றை ஒட்டிய ஊரூரில் நம் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று மேலும் பள்ளிகள் எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதருக்கு ஆல்காட்டோடு இருந்த தொடர்பை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பாமர், கோர்ட்ரைட் என்ற இரு பெண்கள் பள்ளிகளை நடத்தினார்கள். மனப்பாடமும் பிரம்பும் கோலோச்சிய காலத்தில், பொருள்களைத் தொட்டும் பாடியும் விளையாடியும் கற்கும் கிண்டர்கார்டன் முறையைச் சேரிப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்கும் அந்த முறையில் பயிற்சி கொடுத்தார்கள்.

பலன் தேர்விலும் தெரிந்தது. தம் பள்ளிப் பிள்ளைகள் மாகாணத்தின் மற்றப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று ஆல்காட் அரசுத் தேர்வு முடிவுகளைக் கொண்டே வாதிட்டார். அதே பசி, அதே குடிசை, அதே படிக்காத பெற்றோர். மாறியது ஆசிரியரும் பாடம் சொல்லும் முறையும் மட்டும். "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

ஆனால் இதில் கசப்பான பகுதியும் உண்டு. அந்தப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளோடு நின்றன. நம் பிள்ளைகள் வாழ்க்கைக்குத் தேவையான அளவு படித்தால் போதும், பட்டப்படிப்புக்குத் தயார் செய்வது நோக்கமில்லை என்பதே ஆல்காட்டின் எண்ணம். நல்ல பள்ளியைக் கொடுத்தார், கூரையையும் தாழ்வாகவே போட்டார். அன்பு உள்ளவர்கள் கட்டினாலும் கூரையின் உயரத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிகள் விட்டுச்சென்ற இன்னொரு பாடம். 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளியை அந்தப் பாடத்துக்கு நம் தரப்பிலிருந்து வந்த பதிலாகப் பார்க்கிறேன்.

4. பெயர்ப்பலகை மாறியது

'பஞ்சமர்' என்ற பெயரையே அயோத்திதாசர் ஏற்கவில்லை. வருணத்துக்கு வெளியே ஐந்தாவதாக நம்மை நிறுத்தும் பெயர் அது என்றார். எம்.சி. ராஜா 1922-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வழங்கச் செய்தார். பள்ளியின் பெயர்ப்பலகையும் கூடவே மாறிக்கொண்டு வந்தது. பஞ்சமப் பள்ளி. 1920-இல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவாகி ஒடுக்கப்பட்டோர் நலன் அவரிடம் போனபோது தொழிலாளர் பள்ளி. 1949-இல் தனித்துறை பிறந்தபோது அரிஜனப் பள்ளி. பிறகு ஆதிதிராவிடர் நலப் பள்ளி.

துறையின் பெயரைக் கவனியுங்கள். மற்றவர்களின் பிள்ளைகள் படித்தால் அது கல்வித்துறையின் வேலை. நம் பிள்ளைகள் படித்தால் அது தொழிலாளர் துறையின் வேலை, நலத்துறையின் வேலை. கல்வி உரிமையாக இல்லாமல் நலத்திட்டமாக வந்ததன் விலையை இன்றும் கொடுக்கிறோம். தொடக்கப் பள்ளி ஆசிரியரை விடுதிக் காப்பாளராக அனுப்பிவிட்டு வகுப்பைக் காலியாக விடும் பழக்கம் எந்தத் துறையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் அந்தத் துறைதான் சேரிக்குள் கட்டடத்தையும், நம்மவர்களுக்கு ஆசிரியர் வேலையையும், படிப்பைத் தொடர விடுதியையும் கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

5. சோறும் நேரமும்

1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. உணவு மேலும் சில பள்ளிகளுக்கு விரிந்தபோது அவற்றின் சேர்க்கை 1922-23-இல் 811-லிருந்து 1924-25-இல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டுகளில் இரட்டிப்பு. பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இந்த எண் பதில் சொன்னது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு தடுத்ததால் 1925-இல் திட்டம் நின்றது. காமராசர் காலத்தில் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்தன. பசி குறைந்தபோதெல்லாம் பதிவேடு நிரம்பியது.

நேரத்துக்கும் இதுபோல் ஒரு வரலாறு உண்டு. 1953-இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குயவர் பிள்ளைக்குச் சக்கரம், நெசவாளர் பிள்ளைக்குத் தறி என்று ஆதரவாளர்கள் விளக்கினார்கள். பண்ணையடிமையின் பிள்ளைக்கும், மலம் அள்ளும்படி செய்யப்பட்டவரின் பிள்ளைக்கும் எந்தத் தொழிலைக் கற்பிப்பது என்று சொல்லவில்லை. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1954-இல் காமராசர் அதைக் கைவிட்டார். தொடக்கப் பள்ளியின் கால அட்டவணை ஒரு சமூகத் திட்டமாக இருக்க முடியும் என்பதை அந்த ஓராண்டு நமக்குக் கற்றுத்தந்தது.

இவ்வளவுக்கும் பிறகு நாம் வந்து சேர்ந்த தூரத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 1981 கணக்கெடுப்பில் 29.67 விழுக்காடு. 2001-இல் 63.19. 2011-இல் 73.26, அப்போது மாநிலத்தின் மொத்த எழுத்தறிவு 80.09. முப்பது ஆண்டுகளில் நடந்த இந்த ஏற்றத்தில் சேரிப் பள்ளிக்குப் பெரும் பங்கு உண்டு. தரமற்றது என்று இன்று ஏளனம் செய்யப்படும் பள்ளி செய்த வேலை இது.

6. இன்றைய சுழல்

கள ஆய்வுக்காகச் சில பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'கூலி' என்றே இருக்கும். பிறகு மெல்ல 'கொத்தனார்', 'ஓட்டுநர்', 'காவலர்', 'ஆசிரியர்' என்று எழுத்து மாறும். அப்படி மாறிய சில ஆண்டுகளில் அந்தக் குடும்பங்களின் பெயர்களே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடும். பள்ளி உயர்த்திய குடும்பம், பள்ளியை விட்டு ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கு வேனேறிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீடும் அந்த வேனுக்கு அரசுச் செலவில் இடம் போட்டுக் கொடுக்கிறது. இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இல்லாத பள்ளியில் எந்த நம்பிக்கையில் சேர்ப்பார்கள்?

இங்கே ஒரு சுழல் தொடங்குகிறது. சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ, எமிஸ் பதிவேற்றத்துக்கோ, தேர்தல் வேலைக்கோ போனால் ஐந்து வகுப்புக்கு ஒருவர். சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகிறார், பணி நிரவலில் வேறு ஊருக்குப் போகிறார். ஆசிரியர் போனால் படிப்பு குறைகிறது. படிப்பு குறைந்தால் வசதி உள்ள அடுத்த குடும்பம் வெளியேறுகிறது. கடைசியில் எஞ்சுபவர்கள் யார்? தாய் மட்டும் கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளை, செங்கல் சூளைக்குப் பருவந்தோறும் இடம்பெயரும் வீட்டுப் பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளை. எல்லாவற்றிலும் அதிக ஆசிரியர்கள் தேவைப்படும் பிள்ளைகளிடம் எல்லாவற்றிலும் குறைந்த ஆசிரியர்களை விட்டுவிட்டு, பிறகு வந்து தேர்ச்சியை அளக்கிறோம்.

ஆண்டறிக்கைகள் அரசுப் பள்ளி இவ்வளவு, தனியார் பள்ளி இவ்வளவு என்று வாசிப்புத் திறனைப் பிரித்துக் காட்டும்போது சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒப்பிடப்படுவது பள்ளிகளா, அவற்றுக்குள் வந்த குடும்பங்களா? இரண்டு ஆண்டு மழலையர் வகுப்பும் மாலை டியூஷனும் பள்ளிப் படிப்பு முடித்த தாயும் உள்ள பிள்ளையின் மதிப்பெண்ணில், பள்ளி கொடுத்தது எவ்வளவு, வீடு கொடுத்தது எவ்வளவு? முடிவுக்கேற்ற மானியத்தின் பழைய கோலையே புதுப் பெயரில் கையிலெடுத்திருக்கிறோமோ என்பது என் சந்தேகம்.

7. இணைப்பு என்ற கேள்வி

2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. நம் அமைப்புகளில் பல எதிர்த்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும், எல்லாப் பள்ளிகளையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரவும் அது பரிந்துரைத்தது.

நம்மிடையே இதில் இரண்டு கருத்து உண்டு, இரண்டுமே நேர்மையானவை. மாற்றுச் சான்றிதழில் பள்ளியின் பெயரே சாதியைச் சொல்லிவிடுகிறது, இந்தப் பலகை போகட்டும் என்பது ஒன்று. சேரிக்குள் இருக்கும் ஒரே அரசு நிறுவனத்தை, நம்மவர்களுக்கு இருக்கும் பணியிடங்களை, நமக்கான நிதியில் கட்டிய நிலத்தையும் கட்டடத்தையும் இழக்கப்போகிறோம் என்பது மற்றொன்று. பொதுப்பள்ளியே இலக்கு என்பதில் எனக்குத் தயக்கமில்லை. சாத்தாராவில் தனியாகக் கோணிப்பையில் உட்கார்ந்து படித்த அம்பேத்கர் வழியில் வந்தவர்கள், பிரிவினையை நிரந்தர ஏற்பாடாக ஏற்க முடியாது.

ஆனால் தனிப்பள்ளி பிறந்ததே பொதுப்பள்ளியின் கதவு மூடியிருந்ததால்தான். மாற்றுக் கதவை அடைப்பதற்கு முன் முதல் கதவு திறந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 2023-இல் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில் பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் தடுத்த செய்திகளை நாம் படித்தோம். பள்ளிக் கழிப்பறையை நம் பிள்ளைகளைக் கழுவ வைத்த செய்திகளும் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. தேங்காய் திருடியதாக ஒரு தலித் மாணவி மீது பழி விழும் பள்ளியை அதில் பார்த்தோம். திறந்த கதவுக்குள்ளும் தனி வரிசை போட முடியும் என்பது ரெட்டமலை சீனிவாசனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆகவே இணைப்புக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்வதற்கு முன் சில நிபந்தனைகளை வைப்போம். பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வகுப்புக்கோர் ஆசிரியர் என்று பணியிடம் வகுக்க வேண்டும். காப்பாளர் வேலைக்கு வகுப்பறையிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும். சேரிப் பள்ளியில் மழலையர் வகுப்பு தொடங்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான நிதியில் வாங்கிய நிலமும் கட்டடமும் எந்தத் துறைக்குப் போனாலும் அதே மக்களின் கல்விக்கே என்று எழுத்தில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இணைப்பு என்றால் சேரிப் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கு நடப்பது மட்டும் என்று ஆகிவிடக் கூடாது. நல்ல ஆசிரியர்களோடு சேரிப் பள்ளி உயர்ந்து, ஊர்ப் பிள்ளை சேரிக்கு நடந்து வந்து படிக்கும் நாளும் அந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டும். எதிர்த் திசையில் ஒரு பிள்ளைகூட நடக்காத இணைப்பை இணைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை கொடுத்து முடிக்கிறேன். உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் ஏதோ ஓர் அலமாரியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்து படியுங்கள். எந்த ஆண்டில் முதல் பெண்பிள்ளை சேர்ந்தாள், எந்த ஆண்டில் அருந்ததியர் தெருவிலிருந்து முதல் பெயர் ஏறியது, எத்தனை ஆசிரியர் இருந்தபோது எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்று எழுதி வையுங்கள். தேர்ச்சி விழுக்காட்டோடு வருபவர்களிடம் காட்ட நமக்கு அந்தக் கணக்கு வேண்டும். பள்ளி மூடப்பட்டால் முதலில் காணாமல் போவது அந்தப் பதிவேடுதான். இந்த விடுமுறையிலேயே தொடங்குங்கள்.

ஜெய்பீம்.